வெயிலை விட ரயில்வே கேட்தான் வண்டியைக் காய்ச்சுகிறது: டெல்டாவில் ஒரு ஏர் கூல்டு 150

வீடு மன்னார்குடியில். பம்பு செட் உதிரிபாகங்களைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஒரு நாள் நீடாமங்கலம், வலங்கைமான் வழியாகக் கும்பகோணம். இன்னொரு நாள் திருவாரூர், நாகப்பட்டினம். வண்டி 150 சிசி, கார்புரேட்டர் காலத்தது, காற்றிலேயே குளிரும் இன்ஜின். வாங்கிப் பத்து வருடம் ஆகப்போகிறது. கம்பெனி பெயரைச் சொன்னால் பேச்சு அதிலேயே நின்றுவிடும். நான் சொல்லப்போவது இந்த ரக வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

புது வண்டி எடுக்கப்போகிற பையன்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "கத்திரி வெயில்ல ஏர் கூல்டு தாங்குமாண்ணே?" தாங்கும். வெயிலால் இந்த இன்ஜினுக்குப் பெரிய கெடுதல் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலிண்டர் மேலிருக்கும் ஃபின், அதாவது சூட்டைக் காற்றுக்கு விடுகிற தகடு, 150 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்கழி மதியம் வெளிக்காற்று 28 என்றால் வித்தியாசம் 122. மே மாதம் 40 என்றால் 110. இந்த வித்தியாசத்துக்கு ஏற்பத்தான் சூடு காற்றுக்குப் போகும், அது பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆனால் வண்டி நின்றுவிட்டால் ஃபின் மேல் அடிக்கிற காற்றே போய்விடுகிறது. கொல்லையில் ஓடுகிற டீசல் இன்ஜின் தான் இறைக்கிற தண்ணீரிலேயே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பைக் தான் ஓடுகிற ஓட்டத்தில்தான் குளிர வேண்டும். ஓடாவிட்டால் அதற்கு வேறு வழி கிடையாது.

நீடாமங்கலம் கேட்டில் நின்றவர்களுக்கு இது புரியும். பயணிகள் ரயில் ஒரு பக்கம், நெல்லும் அரிசியும் ஏற்றுகிற சரக்கு ரயிலின் ஷண்டிங் இன்னொரு பக்கம். கேட் போட்டால் எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. முன்னால் பஸ், அதன் புகை. பக்கத்தில் லாரி, அதன் சூடு. அங்கே இன்ஜினை ஐடிலில் விட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கேட் திறந்த பிறகும் பிரச்சினை தீராது. இரண்டு பக்கமும் வழியை அடைத்து நிற்பதால் அரை கிளட்சிலேயே ஊர்ந்து வரவேண்டும். பைக்கில் கிளட்ச் தட்டுகளும் இன்ஜின் ஆயிலுக்குள்ளேதான் மூழ்கிக் கிடக்கின்றன. அரை கிளட்சில் உராய்கிற சூடு முழுக்க அதே ஆயிலில்தான் இறங்கும். ஏற்கெனவே கொதித்துப்போன ஆயிலுக்கு இது கூடுதல் சுமை.

சூடு ஏறியதை மீட்டர் காட்டாது, இடது கையும் காலும்தான் சொல்லும். கிளட்ச் லிவரில் பிடி விழுவதற்கு முன் இருந்த தளர்வு (ஃப்ரீ பிளே) மாறிப்போகும். நியூட்ரல் விழாது, முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவில் கால் தட்டிக்கொண்டே இருக்கும். ஐடில் தானாக ஏறும் அல்லது தடுமாறும். டாப் கியரில் பாலம் ஏறும்போது இன்ஜினுக்குள் கிணுகிணுவென்று தட்டுகிற சத்தம் கேட்டால் உடனே கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரையும் விட்டுக்கொடுங்கள். "ஓரமா நிறுத்தி ஐடில்ல விட்டா ஆறிடும்" என்பது நம்மூர் அறிவுரை. காற்றில் குளிரும் இன்ஜினுக்கு அது நேர் எதிர். ஒன்று, மெதுவாக ஓட்டிக்கொண்டே போங்கள். இல்லையென்றால் நிறுத்தி அணைத்துவிடுங்கள். வாய்க்காலில் மொண்டு ஊற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம். கொதிக்கிற உலோகம் திடீரென்று சுருங்கினால் விரிசல் விடலாம்.

ஆயில் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். என் வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருப்பது 20டபிள்யூ-50. டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் குறிக்கும். அதற்காக 10டபிள்யூ-30 கேட்கிற ஸ்ப்ளெண்டருக்கு 50 ஊற்றினால் சூடு குறையும் என்று நினைக்காதீர்கள். அந்த இன்ஜினின் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் வேறு. கடையில் கார் ஆயிலை மலிவாகத் தருவார்கள், அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக்குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கிறதா பாருங்கள். பங்குனி முதல் ஆனி வரை வாரம் ஒருமுறை இன்ஜினில் இருக்கும் ஆயில் கண்ணாடியில் மட்டம் பார்ப்பேன். சூட்டில் நீர்த்த ஆயில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எரிந்து குறையும், புகைகூடத் தெரியாது.

இனி டெல்டாவுக்கே உரிய தொல்லை. சம்பா அறுவடை முடிந்து உளுந்து பிடுங்குகிற காலத்தில் செடியை அப்படியே ரோட்டில் பரப்பிவிடுவார்கள், வண்டிகள் ஏறி அடித்துக் கொடுக்கட்டும் என்று. ஓரமாக ஒதுங்கிப் போனால் விடமாட்டார்கள். "மேல ஏறியே போங்க தம்பி, ஒண்ணும் ஆவாது" என்று கவைக்கம்போடு ஒரு பெரியவர் நிற்பார். அவருக்கு ஒன்றும் ஆகாது. நமக்குக் காய்ந்த கொடி பின்சக்கரத்தில் சுற்றும், செயினில் ஏறும், ஒரு கொத்து சைலன்சர் பெண்ட் பைப்பில் மாட்டிக்கொண்டு புகைய ஆரம்பிக்கும். கருகல் வாசனை வந்தால் அடுத்த ஊர் வரட்டும் என்று இருக்காதீர்கள். அங்கேயே நிறுத்தி ஒரு குச்சியால் இழுத்துப் போடுங்கள். வைக்கோலும் அப்படித்தான்.

மழைக்காலம் வேறு மாதிரி. டிராக்டர் இறைத்துவிட்டுப் போகிற வயல் சேறு ஃபின்களுக்கு நடுவே அடைந்து, காய்ந்து, மண் பூச்சாக நிற்கும். வாட்டர் சர்வீஸில் பெட்ரோல் டேங்கைப் பளபளவென்று ஆக்கித் தருவார்கள், ஃபின் இடுக்கைக் கண்டுகொள்ள மாட்டார்கள். இன்ஜின் ஆறிய பிறகு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து நாமே தேய்த்துக்கொள்வதுதான் சரி. காலில் சேறு அடிக்காமல் இருக்க க்ராஷ் கார்டில் ரெக்சின் கட்டியிருந்தால் தை பிறந்ததும் கழற்றிவிடுங்கள். இன்ஜினுக்கு வரவேண்டிய காற்றை அதுதான் மறிக்கிறது.

ஓட்டுகிற ஆளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: முழுக்கைப் பருத்திச் சட்டை, வழியில் மோர். வேட்டி கட்டி ஓட்டுபவர்கள் ஓரத்தைச் செருகிக்கொள்ளுங்கள், சைலன்சர் தின்றுவிடும்.

மறுபடி வாங்கினால் இதே ரகம்தானா? என் பாதைக்கு ஆமாம். நண்பர் ஒருவரிடம் ரேடியேட்டர் வைத்த, திரவத்தால் குளிரும் வண்டி இருக்கிறது. கேட்டில் நின்றாலும் அதன் ஃபேன் சுற்றிக் காப்பாற்றும், அது உண்மை. ஆனால் அறுவடைக் காலத்தில் அறுப்பு மெஷின் தூற்றுகிற பதரும் தூசியும் ரேடியேட்டர் கண்ணை அடைத்துவிடுகின்றன. என் ஃபின்னுக்குப் போதும் பிரஷ், அதற்கு அது போதாது. கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலேயே நாள் முழுக்கச் சுற்றுகிற வேலை என்றால், அதுவும் முகூர்த்த நாள் கூட்டத்தில், 150-ஐ விட ஸ்கூட்டர் நல்லது. அதுவும் பெரும்பாலும் ஏர் கூல்டுதான். ஆனால் இன்ஜினை மூடி, கிராங்க் என்கிற இன்ஜின் சுழல்தண்டிலேயே ஒரு விசிறி வைத்திருப்பதால் நின்றாலும் அதற்குக் காற்று கிடைக்கும்.

பழைய ஏர் கூல்டு வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விற்பவர் காலையில் வரச் சொல்வார், மதியம் போங்கள். கடைவீதியில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, நின்ற இடத்தில் நியூட்ரல் போட்டுப் பாருங்கள். அது விழுகிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.