‘ஐந்து நாளில வயிற்றைச் சுருக்கித் தாறம்’ என்றால் நம்பிப் போகாதேங்கோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எடை குறைப்புச் சத்திரசிகிச்சையைக் குறை சொல்லும் பதிவு இல்லை. 2019 ஐப்பசியில் கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு ஸ்லீவ் செய்தார்கள். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுவார்களே, அதுதான். அன்றைக்கு நான் 116 கிலோ. 2021 நடுப்பகுதியில் 71. சீனி வருத்தக் குளிசை நின்றது, மூச்சு வாங்காமல் நல்லூர் வீதியைச் சுற்றி வந்தேன். அந்த முடிவுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. வருந்துவதெல்லாம் ஐந்தாம் வருடத்தில் பார்த்த விசர் வேலைக்குத்தான்.

2022இல் பெட்ரோல் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு எல்லாம் வந்தபோது பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போய் வருவது நின்றுபோனது. ஒருமுறை தவறியது, இரண்டு முறை தவறியது, பிறகு போக வெட்கம் வந்துவிட்டது, ஏனென்றால் எடை மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. 71, 73, 78. 2024 சித்திரையில் 84. வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒரு கலியாண வீட்டில் பெரியம்மா கையைப் பிடித்துப் பார்த்து, "என்ன பிள்ளை, திரும்பவும் வைக்கிறாய் போல, அவ்வளவு காசும் வீணோ?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டார். அன்று இரவு படுத்துக்கொண்டு போனைத் தட்டும்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. ஒப்பரேஷன் செய்தும் எடை ஏறுகிறதா, ஐந்தே நாளில் வயிறு பழையபடி சுருங்கும், தொண்ணூறு நாளில் இழந்ததை மீட்கலாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திப் பக்கம்தான், மாடியில் ஒரு அறை. பெயர் சொல்லவில்லை, பெயர்ப்பலகையை இதற்குள் இரண்டு தரம் மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி.

வெள்ளைக் கோட்டுடன் ஒரு பிள்ளை இருந்தா. டொக்டரா என்று கேட்டேன், "கவுன்சிலர் அக்கா" என்றா. என்ன படித்திருக்கிறீர்கள் என்று அடுத்ததாகக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வயிற்றை ஒரு விரலால் அமர்த்திப் பார்த்துவிட்டு, "உங்கட பை இழுபட்டுட்டுது அக்கா, பயப்பிடாதேங்கோ, நாங்கள் சுருக்கித் தாறம்" என்றா. விரலால் அமர்த்தி இரைப்பையின் அளவு கண்டுபிடிக்க முடியுமென்றால் ஆஸ்பத்திரியில் ஸ்கானும் எண்டொஸ்கொப்பியும் எதற்கு? இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, பிழை என்னுடையது இல்லை, பையினுடையது என்று ஒருவர் சொன்னதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

78,000 ரூபா. மூன்று டப்பா புரத மா, இரண்டு போத்தல் மூலிகைக் குளிசை, ஐந்து நாளைக்கு வெறும் சூப். அப்புறம் ஒரு கட்டளை: நான் போட்டுக்கொண்டிருந்த விற்றமின், இரும்பு, கல்சியம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், "அதுகள் பசியைக் கூட்டும் அக்கா, எங்கட மாவில எல்லாம் இருக்கு." நானும் நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால் அந்தக் குளிசைகளை 2022இல் விலை ஏறியதிலிருந்தே விட்டு விட்டுத்தான் போட்டுவந்தேன், நிறுத்தச் சொன்னது எனக்கு வசதியாகவும் போய்விட்டது.

முதல் மாதம் ஆறு கிலோ குறைந்தது. பட்டினி கிடந்தால் குறையாமல் என்ன செய்யும்? குளிசை போட்ட நாட்களில் நெஞ்சு படபடக்கும், வாய் காயும், விடிய இரண்டு மணிக்கும் நித்திரை வராது. கேட்டால், "கொழுப்பு கரையுற அறிகுறி" என்றார்கள். மூலிகை என்று விற்கும் எடைக் குளிசைகளில் சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து கலந்திருப்பதைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. என் போத்தலில் அதுதான் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, பரிசோதிக்காமல் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் அந்தப் போத்தலில் தயாரித்தவர் பெயர் இல்லை, பதிவு இலக்கம் இல்லை, காலாவதித் திகதிகூடப் பேனையால் எழுதியிருந்தது.

மாவின் கதை இதைவிட வேடிக்கை. டப்பாவை அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்திருந்தேன். ஒருநாள் அம்மா புட்டு அவிக்க, ஆவி பட்டு லேபலின் ஓரம் கிளம்பி நின்றது. நகத்தால் இழுத்தேன், முழுதாக உரிந்து வந்துவிட்டது. மேலே ‘ஒரு கரண்டியில் 24 கிராம் புரதம்’. அடியில் வேறொரு லேபல், முதல் சேர்மானம் மோல்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாச்சத்து, இரண்டாவது சீனி, புரதம் ஒரு கரண்டிக்கு 4 கிராம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "இதுக்கு நான் உளுத்தம்மா கிண்டித் தந்திருப்பனே" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆவணி அளவில் தலைமயிர் கைநிறைய வந்தது. சத்திரசிகிச்சை முடிந்து மூன்று நாலு மாதத்திலும் கொட்டியதுதான், அது தானாக நின்று திரும்பவும் வளர்ந்தது, அதனால் இதையும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு கால்விரல்களில் எறும்பு ஊர்வது போல விறைப்பு. ஒருநாள் செருப்புக் கழன்று போனது தெரியாமலே கேற் வரைக்கும் நடந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் இவர் பிடித்து ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஹீமோகுளோபின் 8.6, அதாவது இரத்தச்சோகை. விற்றமின் பி12 118, இருநூறுக்குக் கீழேயே குறைவு என்பார்கள்.

பார்த்த டொக்டர் வயதானவர், ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. "பிள்ளை, பி12ஐ உடம்பு எடுக்கிறதுக்கு இரைப்பையின்ர அமிலமும், அங்க சுரக்கிற ஒரு புரதமும் வேணும். அந்த இரைப்பையில முக்கால்வாசியை வெட்டி எடுத்தாச்சு. ஈரல் சேர்த்து வைச்சதை வைச்சு வருசக்கணக்கா ஓடும், பிறகுதான் விழும்" என்றார். அதாவது முதல் இரண்டு வருடம் ரிப்போர்ட் நன்றாக இருந்தது என்பதை வைத்து எனக்கு ஒன்றும் ஆகாது என்று நான் நினைத்ததே பிழை. ஸ்லீவோ, குடலைத் திருப்பிப் பொருத்துகிற பைபாஸோ, எதைச் செய்தாலும் விற்றமின் சாகும்வரை போட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறையாவது இரத்தம் பார்க்க வேண்டும். கொழும்பில் தந்த தாளிலும் இது எழுதியிருந்தது, அந்தத் தாள் அலுமாரிக்குள் கிடந்தது. பி12 குறைவால் வருகிற விறைப்பைக் கவனிக்காமல் காலம் கடத்தினால் நரம்பு திரும்பாமலே போகவும் கூடும்.

எடை ஏறியதைப் பற்றி வெட்கத்தோடு கேட்டேன். அவர் சொன்னதை அந்த மாடி அறைக்குப் போக முன்னரே யாராவது சொல்லியிருந்தால் 78,000 மிஞ்சியிருக்கும். ஒன்றரை இரண்டு வருடத்தில் எடை அடிமட்டத்துக்கு வரும், பிறகு கொஞ்சம் ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். இளைத்த உடம்பு முன்னைப் போல எரிக்காது, ஆரம்பத்தில் அடங்கிக் கிடந்த பசியும் மெல்லத் திரும்பும். குழாய் காலப்போக்கில் கொஞ்சம் விரிவதும் உண்டு, ஆனால் சூப் குடித்து அதைச் சுருக்க ஒருவராலும் ஏலாது. பிறகு என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சோறு கொஞ்சம்தான் என்றேன். "சோற்றை விடுங்கோ, இடையில?" அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். நாளைக்கு ஐந்து பால் தேத்தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிஸ்கட், பின்னேரம் ரோல்ஸ், இரவு சொதியில் ஊறிய இடியப்பம். வறண்ட புட்டும் மீனும் நாலு வாயில் வயிற்றை நிரப்பும், சொதியில் ஊறிய இடியப்பம் வழுக்கிக்கொண்டு போய்விடும், பத்துக்கூட உள்ளே போகும். பை இழுபடவில்லை, நான் அதைச் சுற்றிப் போக வழி கண்டுபிடித்திருந்தேன்.

முதலில் ஒன்றுவிட்ட ஒருநாள் பி12 ஊசி, பிறகு கிழமைக்கொன்று, இப்போது மாதத்துக்கொன்று. இரும்புக்கும் கல்சியத்துக்கும் நடுவில் இரண்டு மணித்தியாலம் விட வேண்டும், இரும்போடு தேத்தண்ணீர் குடிக்கக் கூடாது (எங்கள் ஊரில் இதுதான் பெரிய தவம்). தட்டில் மீனோ முட்டையோ பருப்போ முதலில், நாளைக்கு 60 கிராம் புரதம், சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குத் தண்ணீர் இல்லை. இன்றைக்கு 81 கிலோ. 116இல் தொடங்கியவளுக்கு இது தோல்வி இல்லையாம், டொக்டர் சொன்னார், பெரியம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். இடது பெருவிரல் மட்டும் இன்னும் விறைப்புத்தான்.

காசு கேட்கப் போனபோது அந்தப் பிள்ளை இல்லை, வேறொருவர் இருந்தார். "நீங்கள் சரியாச் செய்யேல்ல அக்கா" என்றார், உரித்த லேபலைக் காட்டியதும் உள்ளே எழும்பிப் போய்விட்டார். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தேன், பில் கேட்டார்கள். என்னிடம் இருப்பது கடைப்பெயர் இல்லாத தாளில் கையால் எழுதிய ஒரு தொகை. நீங்கள் எங்கே காசு கட்டினாலும் அச்சடித்த பில் வாங்குங்கோ, டப்பாவையும் எறியாதேங்கோ.

இதை எழுத வைத்தது காசுகூட இல்லை. போன கிழமை கனடாவிலிருந்து மச்சாள் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "இது நீதானே?" என்று கேட்டா. 2022 நல்லூர்த் தேரன்று எடுத்த என் படம், 73 கிலோவில், மாம்பழ மஞ்சள் சாறியில். சேரும்போது ‘உங்கள் கோப்புக்கு’ என்று வாங்கியது. முகத்தை மறைத்திருக்கிறார்கள், சாறியை மறைக்கவில்லை. பக்கத்தில் அவர்களே எடுத்த 84 கிலோப் படம், மேலே ‘எங்கள் தொண்ணூறு நாள் வெற்றி’. கீழே யாரோ "விலை எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்கள், "இன்பொக்ஸ் வாங்கோ அக்கா" என்று பதில். இரண்டு தரம் முறைப்பாடு போட்டும் இன்றைக்குக் காலையும் அது அப்படியேதான் கிடக்கிறது. மஞ்சள் சாறியைக் கண்டால், அது நான்தான்.