எட்டு அங்குலக் கத்தி ஒன்று, பல் வைத்த சின்னக் கத்தி ஒன்று, தீட்டுகல் ஒன்று

கத்தி வாங்கப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது செட்டுதான். ஆறு கத்தி, ஒரு கத்தரிக்கோல், செருகி வைக்க மரத்தாங்கி. அதில் நாலு கத்தி தாங்கியை விட்டு வெளியே வரப்போவதே இல்லை. தாங்கியின் துளைகளுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிப்பதுதான் மிச்சம். அந்தப் பணத்துக்கு எட்டு அங்குலக் கத்தி ஒன்று, தக்காளிக்குப் பல் வைத்த சின்னக் கத்தி ஒன்று, தீட்டுகல் ஒன்று வாங்கினால் சாம்பார்க் காயிலிருந்து பிரியாணி வெங்காயம் வரை ஓடும்.

எட்டு அங்குலத்தில் எங்கள் தேர்வு விக்டோரினாக்ஸின் ஃபைப்ராக்ஸ் வரிசைக் கத்தி, அலகு 20 செ.மீ. சிவப்புப் பேனாக்கத்தியால் பேர் வாங்கிய அதே சுவிட்சர்லாந்துக் கம்பெனிதான். 1884-இல் ஈபாக் ஊரில் தொடங்கியது. கத்தியைப் பார்த்தால் ஒன்றும் பிரமாதமாக இருக்காது. தகட்டிலிருந்து வெட்டி எடுத்த அலகு, கறுப்பு நிறத்தில் சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடி. பரிசு கொடுக்க லாயக்கில்லை. ஆனால் மீன் கழுவிய கையோடு பிடித்தாலும் அந்தப் பிடி வழுக்காது. ஆணி அடித்த மரப்பிடியில் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே தண்ணீர் இறங்கி உள்ளே துருப்பிடிக்கும். இதில் அந்த இடுக்கே கிடையாது.

எஃகு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை வித்தியாசம் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. இந்தக் கத்தியில் இருப்பது அரை சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் கலந்த எஃகு. ராக்வெல் அளவில் கடினம் 56-க்குப் பக்கம். ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகள், அதாவது வூஸ்ட்ஹோஃப், ஸ்வில்லிங் போன்றவை, 57, 58 வரும். ஜப்பானின் விஜி-10 எஃகுக் கத்திகள் 60, 61. எண் ஏற ஏறக் கூர் அதிக நாள் நிற்கும் என்பது உண்மை. கடினம் கூடக்கூட நொறுங்கும் குணமும் கூடும் என்பதும் உண்மை.

இனி நம் வீட்டுக் காய்கறிகளைப் பாருங்கள். சேனைக்கிழங்கு, முற்றிய முருங்கைக்காய், ஓடு மாதிரித் தோல் வைத்த பரங்கிக்காய். இவற்றில் கத்தி பாதியில் சிக்கிக்கொண்டால் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: பிடியை இடமும் வலமும் திருகுவது. 61 கடினமுள்ள மெல்லிய ஜப்பான் அலகு அந்தத் திருகலில் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய முரட்டுக் கல்லில் அரைமணி நேரம் தேய்க்க வேண்டியிருக்கும். 56 கடின அலகு பெரும்பாலும் பெயராது, ஓரம் லேசாக மடங்கும். மடங்கியதைத் தீட்டுகோல் என்ற நீண்ட கம்பியில் பக்கத்துக்கு ஐந்து இழுப்பு இழுத்து நிமிர்த்திவிடலாம். நம் சமையலறைக்கு மெதுவான, அதாவது கடினம் குறைந்த, எஃகைச் சிபாரிசு செய்வது இதனால்தான்.

குறை இல்லாமல் இல்லை. கூர் சீக்கிரம் தளரும். தினமும் சமைக்கும் வீட்டில் வாரம் ஒருமுறையாவது தீட்டுகோல் வேண்டும். அலகின் பக்கம் வழவழவென்று இருப்பதால் உருளைக்கிழங்கு வில்லைகள் ஒட்டிக்கொண்டே மேலே வரும். சின்னக் கைக்குப் பிடி கொஞ்சம் பருமன். இன்னொன்று, இதன் வெட்டும் ஓரம் முனைப்பக்கம் நன்றாக வளைந்திருக்கும். முனையைப் பலகையில் ஊன்றித் தொட்டில் மாதிரி ஆட்டி வெட்டுகிறவர்களுக்கு அது வசதி. நேராக மேலும் கீழும் கொத்துகிறவர்களுக்கு பீன்ஸ் அடியில் அறுபடாமல் மாலை மாதிரி கோத்துக்கொண்டு வரும். அப்படிக் கொத்திப் பழகியவர்கள் ஓரம் ஏறக்குறைய நேராக உள்ள 17 செ.மீ. சாந்தோக்கு என்ற ஜப்பானியக் கத்தி வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம். இதே கம்பெனி மெதுவான எஃகிலும் சாந்தோக்கு தருகிறது. கோஸ் பொரியலுக்குப் பொடியாக நறுக்குவதில் நல்ல ஜப்பான் சாந்தோக்குவை அடிக்க ஆளில்லை. ஆனால் அதைச் சேனைக்கிழங்கின் பக்கமே விடக்கூடாது. வரி வரியான தீட்டுகோலும் அதற்கு ஆகாது, பீங்கான் கோல்தான்.

சோலிங்கன் கத்தி வாங்குவதானால் அலகின் குதிகாலை, அதாவது பிடியை ஒட்டிய முனையை, பாருங்கள். பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள கனமான கழுத்து சில வரிசைகளில் வெட்டும் ஓரம் வரைக்கும் இறங்கியிருக்கும். கல்லில் தீட்டும்போது அந்தக் கனமான பகுதி தேயாமல் நிற்க, மற்ற இடம் தேய்ந்து, சில வருடத்தில் குதிகாலை ஒட்டி ஒரு பள்ளம் விழும். பிறகு அந்த இடம் பலகையைத் தொடாது. கழுத்து பாதியில் நிற்கும் மாடலாக எடுப்பது நல்லது.

அலை அலையாகக் கோலம் போட்ட 'டமாஸ்கஸ்' கத்திகளுக்குத் தனி விலை. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்கு உருக்கு போனது தென்னிந்தியாவிலிருந்துதான், அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். இன்று பெட்டியில் வருவது அதுவல்ல. நல்லதாக இருந்தால், இருவேறு எஃகுத் தகடுகளை அடுக்கி அடித்து அமிலத்தில் தோய்த்தது. மட்டமானதாக இருந்தால், வெறும் தகட்டில் லேசரால் வரைந்தது. பொடி உப்புத்தாளால் தேய்த்தால் கோலம் அழிந்துவிடும். எதுவானாலும் வெட்டுவது நடுவில் உள்ள ஒற்றை எஃகுதான். கோலம் வெட்டாது.

கடையில் பார்க்க வேண்டியது இரண்டு. கூர்ப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி ட்யூப் லைட்டுக்கு நேரே பிடியுங்கள். கூரான ஓரம் ஒளியைத் திருப்பாது, மொண்ணையான இடம் வெள்ளைக் கோடாக மின்னும். பிறகு குதிகால் பக்கத்து அகலம்: 45 மி.மீ. இருந்தால்தான் வெட்டும்போது விரல் முட்டி பலகையில் இடிக்காது.

சின்னக் கத்திக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. இதே கம்பெனியின் 11 செ.மீ. பல்கத்தி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பழுத்த தக்காளித் தோலை நசுக்காமல் இறங்கும், எலுமிச்சைக்கும் பன்னுக்கும் அதுவே. பல் தேய்ந்தால் வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது. தூக்கிப்போட்டு வேறு வாங்குவதுதான்.

தீட்டுகல்லில் ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000 கிரிட் (எண் கூடினால் கல் நைசு) இருந்தால் போதும். தண்ணீரில் ஊறவைக்கும் ரகமானால் குமிழி நிற்கும்வரை, பத்து நிமிடம், ஊறவிட்டு, கீழே ஈரத்துணி போட்டு வையுங்கள். எல்லாரும் தடுமாறுவது கோணத்தில். 45 மி.மீ. அகல அலகில் முதுகு கல்லிலிருந்து 12 மி.மீ. உயர்ந்திருந்தால் கோணம் 15 டிகிரி. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியின் குறுக்களவு 14 மி.மீ.; அதை முதுகுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் 18 டிகிரி. மெதுவான எஃகுக்கு அது சரியான அளவு. உயரத்தைக் கையில் வாங்கிக்கொண்டதும் பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்புக் கோடு போட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். மேல்பக்கம் மட்டும் மை அழிந்தால் கத்தி அதிகமாகப் படுத்திருக்கிறது. நுனியில் மட்டும் அழிந்தால் அதிகமாக நிமிர்ந்திருக்கிறது.

ஒரு பக்கத்தையே தேய்த்துக்கொண்டு வந்தால் மறுபக்கத்தில் பிசிறு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல நகர்த்தினால் நெருடும்; ஓரத்தின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டிவிடாதீர்கள். குதிகாலிலிருந்து முனை வரை பிசிறு எழுந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். தீட்டியும் வெட்டவில்லை என்கிற புகார் அநேகமாக இங்கே அவசரப்பட்டதால்தான். கடைசியில் 3000 பக்கத்தில் அழுத்தாமல் பக்கம் மாற்றி மாற்றிப் பத்து இழுப்பு, பிறகு மடித்த செய்தித்தாளில் முதுகு முன்னே போகும்படி நாலு இழுப்பு. தக்காளி மேல் கத்தியை அழுத்தாமல் இழுத்தால் தோல் திறக்க வேண்டும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையையும் அரிவாளையும் தாராளமாகக் கொடுக்கலாம். மெல்லிய எஃகுக் கத்தியைக் கொடுக்க யோசியுங்கள். தண்ணீர் இல்லாமல் சுழலும் சக்கரத்தில் ஓரம் சூடேறி நீலம் பூத்தால் அந்த இடத்தின் கடினம் போயிற்று, மறுபடி தீட்டினாலும் கூர் நிற்காது. இடுக்கில் கொடுத்து இழுக்கும் கருவிகள் அவசரத்துக்குச் சரி. அவை ஓரத்தைச் சுரண்டி எடுப்பதால் அலகு சீக்கிரம் குறையும்.

பலகை மரமோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும். கறிக்கடையில் புளியங்கட்டையில் வெட்டுகிறார்கள், கடப்பாக் கல்லில் வெட்டுவதில்லை, கவனித்திருப்பீர்கள். சமையல் மேடை கிரானைட்டிலோ எவர்சில்வர் தட்டிலோ நாலு வெங்காயம் நறுக்கினால் தீட்டியதெல்லாம் போச்சு. நறுக்கியதை வாணலிக்குத் தள்ளும்போது கூர்ப் பக்கத்தால் வழிக்காமல் கத்தியைத் திருப்பி முதுகால் வழிக்கலாம்.

துருவே பிடிக்காது என்று நம்பி, உப்பும் புளியும் பட்ட கத்தியை ராத்திரி முழுக்க சிங்கில் போட்டால் காலையில் ஊசிமுனை அளவுக்குக் கரும்புள்ளிகள் இருக்கும். இரும்புக் கத்தியில் வாழைப்பூ நறுக்கினால் அதன் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து அலகும் பூவும் கறுக்கும். எவர்சில்வர் கத்தியில் அந்தத் தொல்லை குறைவு. வாழைக்காய்ப் பாலுக்குக் கையிலும் அலகிலும் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது.

அரிவாள்மனையில் அலகு அசையாது, இரண்டு கையும் காயைப் பிடித்திருக்கும். மீன் செதில் சுரண்டவும், தேங்காய் துருவவும், வாழைத்தண்டு நறுக்கி நாரை விரலில் சுற்றிக்கொண்டே போகவும் அதற்கு மாற்று எட்டு அங்குலக் கத்தி இல்லை. தேங்காய் உடைக்கக் கத்தியின் முதுகையும் எடுக்காதீர்கள். அந்த அடியில் பிடியும் அலகும் சேருமிடம் தளரும். அதற்கு வெட்டரிவாள் போதும்.