நம் பையன்களோடா, ஜெர்மன்காரர்களோடா?

எதிர்வீட்டுப் பையனுக்கு ஜெர்மனியில் எம்.எஸ். இடம் கிடைத்துவிட்டது. நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்கியாயிற்று, அங்கே போய் மாதாமாதம் செலவுக்கு எடுத்துக்கொள்ளும் பிளாக்டு அக்கவுண்ட்டில் 11,904 யூரோவும் கட்டியாயிற்று. விடுமுறைக்கு வேளச்சேரி வந்திருக்கும் என்னிடம் அவன் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, அங்கே நம் பையன்களோடு தங்கட்டுமா, ஜெர்மன்காரர்களோடா?"

நான் இரண்டையும் பார்த்தவன். முதல் ஓராண்டு மூன்று தமிழ்ப் பையன்களோடு இருந்தேன். இப்போது இரண்டு ஜெர்மன் மாணவர்களோடு 'வேகே'யில் இருக்கிறேன். சேர்ந்து தங்கும் வீட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். என் ஓட்டு வேகேவுக்கு.

வாடகையில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பொது வானொலி, டி.வி.க்கு வீடுதோறும் கட்டும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, அதுவும் வீட்டுக்குத்தான், தலைக்கு அல்ல. சாப்பாட்டில் நம் பையன்களை மிஞ்ச ஆளில்லை. ஜெர்மன் மொழி எங்கே சீக்கிரம் வரும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

எனக்கு வழக்கைத் தீர்த்துவைத்தது சுத்தம். யார் எவ்வளவு சுத்தம் என்பதல்ல. அழுக்கைப் பற்றி வாய்திறந்து பேச முடிகிறதா என்பது.

தமிழ் வீட்டில் சாம்பார்ப் பாத்திரம் மூன்று நாள் சிங்க்கில் கிடக்கும். யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். நண்பனிடம் போய்ப் பாத்திரம் கழுவு என்பதா? நான்காம் நாள், சம்பந்தமே இல்லாமல், மூன்று யூரோ பால் கணக்கில் சண்டை வெடிக்கும். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்காமல் சோறு வடித்தோம், துணியையும் உள்ளேயே உலர்த்தினோம். குளியலறைச் சுவரில் பூஞ்சணம் படர்ந்ததை நான்கு பேரும் பார்த்தோம். நான்கு பேரும் பேசாமல் இருந்தோம். அங்கே அட்வான்ஸ், சென்னையில் கேட்பதுபோலப் பத்து மாதம் எல்லாம் இல்லை. சட்டப்படி மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு. எங்களுக்கு அதில் பாதிதான் திரும்பி வந்தது.

வேகேயில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள். இந்த வாரம் சமையலறை யார், குளியலறை யார், குப்பை யார் என்று பெயர் போட்டிருக்கும். முதல் வாரம் குளியலறை என் பங்கு. முடித்துவிட்டேன் என்றதும் வீட்டுத் தோழி வந்து குழாய்மேல் விரலை ஓட்டி, வெள்ளைப் படலத்தைக் காட்டினாள். "இது சுண்ணாம்பு. வினிகர் ஊற்றித் தேய்." கோபமும் இல்லை, குழைவும் இல்லை. முகம் சுருங்கிப்போய் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் பேசாததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. போர்வெல் தண்ணீரில் வளர்ந்த எனக்கு உப்புக்கறை புதிதல்ல. அதைத் தேய்ப்பது என் வேலை என்பதுதான் புதிது. மூன்றாம் மாதம், "உன் சைக்கிள் வழியை அடைக்கிறது" என்று நானே அவளிடம் சொன்னேன். நகர்த்திவிட்டாள். அவ்வளவுதான்.

ஆனால் நான் இருந்தது தலா ஒரே வீட்டில்தான். இதை வைத்துப் பொதுவிதி போட மாட்டேன். காய்ச்சலில் கிடந்தபோது தமிழ்ப் பையன்கள் ரசம் வைத்து ஊட்டாத குறை. வேகேயில் காய்ச்சல் வந்தபோது கதவைத் தட்டி, தேநீரை வைத்துவிட்டுப் போனார்கள். அன்று இரவு பழைய வீட்டை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சென்னையில் இருந்துகொண்டே வேகே பிடிப்பதும் கடினம். நேரில் பார்த்துப் பேசித்தான் பெரும்பாலும் ஆளைச் சேர்க்கிறார்கள். எனவே முதல் செமஸ்டர் நம் பையன்களோடே இரு, பிறகு மாறிக்கொள் என்றேன். எந்த வீடானாலும் குடியேறியதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்துச் சான்று கிடைக்குமா என்று முதலில் கேள். நகராட்சியில் முகவரி பதிய இரண்டு வாரம்தான் அவகாசம்.

அவன் அம்மாவின் கவலை குக்கரைப் பற்றி. எடுத்துப் போகட்டும், கூடவே இரண்டு காஸ்கெட். வேகேவுக்கு மாறும் நாளில் மட்டும், முதல் விசிலுக்கு முன்பே எல்லாக் கதவையும் தட்டிச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை, தோழி செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடிவிட்டாள்.