சிறுவாணித் தண்ணீரும் போர் தண்ணீரும்: ஒரு காப்ஸ்யூல் காப்பி மெஷினோடு ஐந்து வருடம்

2019 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து வந்த அக்கா எனக்கு ஒரு காப்ஸ்யூல் காப்பி மெஷின் கொண்டு வந்தாள். ஒரு தடவைக்கு ஒரு கப் மட்டும் போடும் சின்ன வகை. காப்ஸ்யூலை வைத்து மூடி, பட்டனை அழுத்தினால் அரை நிமிடத்தில் 40 மில்லி எஸ்பிரெசோ. அப்போது நாங்கள் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் இருந்தோம். குழாயைத் திறந்தால் சிறுவாணித் தண்ணீர். தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்பதைப் பார்க்க பெட்டிக்குள் ஒரு காகிதப் பட்டை இருந்தது. நனைத்துப் பார்த்தேன், நிறம் கொஞ்சம்கூட மாறவில்லை; அவ்வளவு மென்மையான தண்ணீர். ஒன்றே முக்கால் வருடம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியதைத் தவிர அந்த மெஷினுக்கு நான் வேறு எதுவும் செய்யவில்லை. அதுவும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

2021 செப்டம்பரில் வேலை மாறி சென்னை மேடவாக்கத்துக்குக் குடிவந்தோம். அடுக்குமாடிக் குடியிருப்பு, போர் தண்ணீர். ஐந்தாவது மாதத்தில் மெஷின் தடுமாற ஆரம்பித்தது. பம்ப் சத்தம் கனத்துவிட்டது. முன்பு சீராக ஓடிய காப்பி, சொட்டுச் சொட்டாக இறங்கியது. கப்பைத் தொட்டால் வெதுவெதுப்புதான். பழுது பார்க்கும் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். திறந்துகூடப் பார்க்காமல் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மனசு கேட்காமல் திரும்பக் கொண்டு வந்துவிட்டேன்.

விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர் அம்மாதான். "கீசர் காயிலைக் கழட்டிப் பார்த்தா எப்படி இருக்கும்? இதுக்குள்ளயும் அதேதான்டா இருக்கும்" என்றார். அவ்வளவுதான் விஷயம். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கின்றன. சூடு ஏறும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்கிறது. கெட்டில் என்றால் அடியில் கண்ணுக்குத் தெரியும். இந்த மெஷினில் தண்ணீர் சூடாவது ஒரு குறுகலான குழாய்க்குள். அங்கே மெல்லிய படலம் படிந்தாலே வழி அடைபடும், சூடும் தண்ணீருக்குச் சரியாகப் போய்ச் சேராது. பம்ப் முக்கியதற்கும் காப்பி ஆறிப்போனதற்கும் அந்த ஒரே படிவுதான் காரணம்.

குடியிருப்புச் சங்கத்தில் இருந்த தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 480 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200. வேறு ஆதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதி. குடிக்கச் சட்டப்படி இடமுண்டு, மெஷினுக்குத்தான் ஆகாது. மெஷினின் கையேடு ஜெர்மன் டிகிரியில் கணக்குச் சொல்கிறது. ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 17.8 மில்லிகிராம். அப்படிப் பார்த்தால் எங்கள் தண்ணீர் 27 டிகிரி. அட்டவணையின் கடைசி வரிசை.

முதல் முறை வினிகர் ஊற்றினேன். படிவு ஓரளவு கரைந்தது, ஆனால் நான்கு தொட்டி தண்ணீர் விட்டு அலசிய பிறகும் ஒரு வாரம் காப்பியில் அந்த நெடி இருந்தது. இனி அந்தப் பக்கமே போக மாட்டேன்.

இரண்டாவது, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். அதிகம் போட்டால் சீக்கிரம் கரையும் என்று நினைத்து, ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் 60 கிராம் கலக்கி ஊற்றினேன். அது பெரிய தவறு. மிகுந்த சூட்டில் சிட்ரிக் அமிலமும் கால்சியமும் சேர்ந்து கால்சியம் சிட்ரேட்டாகி, அதுவே புதிய படிவாக நின்றுவிடும். போதாததற்கு, ஐந்து மாதப் படிவு ஒரே நேரத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்து, காப்ஸ்யூலைத் துளைக்கும் ஊசிகளை அடைத்துவிட்டது. மெல்லிய குண்டூசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் ஆயிற்று. வெளியே எடுத்த ஒரு செதிலைக் கரைசலில் போட்டேன். நுரைத்துக் கரைந்தது. அது வெறும் சுண்ணாம்புப் படிவுதான் என்று அப்போது உறுதியானது.

இப்போது செய்யும் முறை இது. ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீரில் 20 கிராம் எலுமிச்சை உப்பு, முழுக்கக் கரையும்வரை கலக்கி. உள்ளே காப்ஸ்யூல் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பெரிய பாத்திரத்தைக் கீழே வைக்கிறேன். என் மெஷினில் இரண்டு பட்டன்களையும் மூன்று விநாடி சேர்த்து அழுத்தினால் படிவு நீக்கும் நிலைக்குப் போகும். பாதிக் கரைசல் ஓடியதும் மெஷினை அணைத்து 20 நிமிடம் விட்டுவிடுகிறேன். அமிலம் வேலை செய்ய அந்த நேரம் வேண்டும், அதற்குள் உள்சூடும் தணியும். பிறகு மீதியை ஓட்டிவிட்டு, இரண்டு தொட்டி நல்ல தண்ணீர் விட்டு அலசுகிறேன். கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பேன், புளிப்பு இருந்தால் இன்னொரு அரைத் தொட்டி. வருடத்தில் ஒரு முறை மட்டும் கடையில் விற்கும் லாக்டிக் அமிலத் திரவம் வாங்கி ஊற்றுகிறேன். விலை அதிகம்தான், ஆனால் கால்சியத்தோடு சேர்ந்து புதுப் படிவு விடும் சிக்கல் அதில் குறைவு. ஒரு எச்சரிக்கை: தொட்டியில் பாசி பிடித்தது என்று பிளீச்சிங் பவுடர் போட்டவர்கள், நன்றாகக் கழுவாமல் அமிலத்தை ஊற்ற வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

எப்போது செய்வது? மெஷினில் எரியும் விளக்கை நான் நம்புவதில்லை. அது ஓடிய தண்ணீரை எண்ணுகிறதே தவிர உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. கடினத்தன்மை அளவை நாம் தப்பாக அமைத்திருந்தால் அந்த எண்ணிக்கையும் தப்பு. நான் போனில் விநாடி பார்க்கிறேன். காப்ஸ்யூல் இல்லாமல் வெறும் தண்ணீர் 40 மில்லி நிறைய, சுத்தமாக இருக்கும்போது 11 விநாடி. 15ஐத் தொட்டால் அந்த வார இறுதியில் வேலை. மேடவாக்கத்துக்கு வந்த முதல் வருடம் ஆறு வாரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியிருந்தது. இப்போது நான்கு மாதம் தாங்குகிறது.

இந்த மாற்றத்துக்குக் காரணம் தண்ணீரை மாற்றியதுதான். இங்கே பலரும் டிடிஎஸ் மீட்டரை வைத்து முடிவெடுக்கிறார்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், அதில் எவ்வளவு கால்சியம் என்று சொல்லாது. எங்கள் குடியிருப்பில் சாஃப்ட்னர் இருக்கிறது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது, அதனால் டிடிஎஸ் அப்படியே நிற்கும், ஆனால் படிவு குறையும். அதற்கு உப்புப் போட மறந்த வாரங்களில் மீட்டர் எண் மாறாது, கெட்டிலின் அடிதான் வெளுக்கும். அதனால் காப்பிக்கு ஆர்ஓ தண்ணீருக்கே போய்விட்டேன். முதலில் டிடிஎஸ் 30 இருந்தது, காப்பி சப்பென்று இருந்தது. தாதுக்கள் மிகவும் குறைந்த தண்ணீரில் காப்பியின் சுவை சரியாக இறங்குவதில்லை. ஆர்ஓ மெக்கானிக்கைக் கூப்பிட்டு, உள்ளே இருக்கும் டிடிஎஸ் திருகைத் திருப்பி 120க்கு வைக்கச் சொன்னேன். அன்றைக்கே ருசி திரும்பிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கே இது புரிய இரண்டு வருடம் ஆயிற்று. உப்புப் படிவு வேறு, காப்பி எண்ணெய் வேறு. அமிலம் எண்ணெயைத் தொடாது. காப்ஸ்யூல் அமரும் இடத்திலும் காப்பி விழும் மூக்கிலும் பழுப்பாக ஒரு பிசுக்கு ஏறும். நாளானால் அது சிக்கு வாடை அடித்து எல்லாக் காப்பியையும் கசப்பாக்கும். கழட்ட முடிந்த பாகங்களைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் மென்மையான டூத் பிரஷ்ஷும் வைத்து வாரம் ஒரு முறை தேய்க்கிறேன். ஒவ்வொரு காப்பிக்கும் பிறகு ஒரு வெறும் தண்ணீர் ஓட்டம். காலிக் காப்ஸ்யூல் விழும் பெட்டியைத் தினமும் கொட்டுகிறேன். சென்னை ஈரப்பதத்துக்கு இரண்டு நாள் விட்டால் பூஞ்சை வந்துவிடுகிறது.

ஸ்டீல் ரீஃபில் காப்ஸ்யூலில் வீட்டுக் காப்பித்தூளைப் போட ஆசைப்படுபவர்களுக்கு: சிக்கரி கலந்த தூள் வேண்டாம். சிக்கரி நனைந்ததும் கொழகொழவென்று ஆகி வழியை அடைக்கிறது, பம்ப் திணறுகிறது. சிக்கரித் தூளுக்குப் பித்தளை ஃபில்டர்தான் சரி. காலையில் எங்கள் வீட்டில் டிகாஷன் அதில்தான் இறங்குகிறது, மெஷின் மத்தியானத்துக்கு.

போன மாதம் படிவு நீக்கிய பிறகும் அதே 11 விநாடி. அந்தக் கடையில் போய்விட்டதாகச் சொன்ன அதே பம்ப்தான் இன்றும் ஓடுகிறது. இப்போது இருக்கும் ஒரே குறை, காப்ஸ்யூல் அறையின் ரப்பர் வளையம் விறைத்துப்போய், ஒவ்வொரு காப்பிக்கும் நான்கைந்து சொட்டு பக்கவாட்டில் கசிகிறது. அந்த அளவு வளையம் இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. அளவெடுத்துப் படத்தோடு அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது இரண்டு கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.