காப்பீட்டு அட்டை செலவைப் பார்க்கும், தேதியை நாமதான் கேட்டு வாங்கணும்

நெல்லைப் பக்கம் ஹெர்னியா, பித்தப்பைக் கல், மூட்டு மாற்று என்று ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் பலரிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் செல்லும், பட்டியலில் உள்ள தனியாரிலும் செல்லும். செலவு விஷயத்தில் மனசாரப் பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் அட்டை இருக்கிறது என்பதற்காக வரிசை நகராது.

வார்டு வாசலில் நின்று "டேட் எப்போ சிஸ்டர்?" என்று கேட்டால் "சொல்லுவோம்மா" என்பதுதான் பதில். கேட்க வேண்டியது வேற: எந்த யூனிட் (நம்மைப் பார்க்கிற டாக்டர் குழு), அந்த யூனிட்டுக்கு ஆபரேஷன் தியேட்டர் எந்தக் கிழமை, காப்பீட்டு அப்ரூவலுக்கு அனுப்பியாச்சா, உடம்பு ஆபரேஷனைத் தாங்கும் என்று மயக்க டாக்டர் ஃபிட்னஸ் கொடுத்தாச்சா. பதிலை ஓ.பி. சீட்டுக்குப் பின்னால் தேதி போட்டு எழுதி வையுங்க. டியூட்டி டாக்டர் மாறினாலும் சீட்டைக் காட்டி, "அப்ரூவல் வந்துரும்னாங்க சார், இப்ப எதுல நிக்கி?" என்று கேட்கலாம்.

பெரும்பாலும் நிற்பது சின்ன விஷயத்தில். ரேஷன் கார்டில் முத்துலட்சுமி, ஆதாரில் முத்துலெட்சுமி என்றிருந்தால் காப்பீட்டு கவுண்டரிலேயே ஃபைல் தங்கிவிடும். முதல் நாளே ஒத்துப் பாருங்க. அடுத்தது ஃபிட்னஸ். சர்க்கரை கூடினாலோ ரத்தம் குறைந்தாலோ தள்ளிப்போகும். ரொம்ப நாள் ஆகிவிட்டால் ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். ஈகோஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லி, எப்போது நிறுத்தணும் என்று எழுதி வாங்கணும். தானாக நிறுத்தவே கூடாது.

ஆபரேஷன் அன்றைக்கு விபத்துக் கேஸ் வந்தால் தியேட்டர் அதற்குத்தான் போகும், அது நியாயமும்கூட. அதற்காக நோயாளியை வெறும் வயிற்றில் சாயங்காலம் வரை போட்டு வைக்க வேண்டியதில்லை. "இன்னைக்கு உண்டா, சாப்பாடு கொடுக்கலாமா?" என்று மத்தியானத்துக்குள் கேளுங்க, இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். தள்ளிவைத்தால் அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீங்க.

பதிலே வராவிட்டால் ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்க்கிற டாக்டரான ஆர்.எம்.ஓ.விடம் மனு கொடுக்கலாம். காப்பீட்டுக்கு 1800 425 3993, மற்ற புகாருக்கு 1100. தனியாருக்கு மாறலாமா என்பதையும் காப்பீட்டு கவுண்டரில் கேளுங்க, சில ஆபரேஷன்களை அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஹெர்னியா வீக்கம் கல் மாதிரி இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் தேதியைப் பார்க்காதீங்க. 108-ஐக் கூப்பிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போயிருங்க.