டெபியன்: பராமரிப்பாளரா, உருவாக்குநரா?

சென்னையிலிருந்து டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்துக்காகத் தமிழ் எழுத்துருப் பொதி (நிறுவுவதற்கேற்பக் கட்டிய மென்பொருள் தொகுப்பு) ஒன்றைக் கவனித்துவரும் தன்னார்வலருக்கு, 2007-இல் ஏற்பட்ட ‘பராமரிப்பாளர்’ தகுதி எளிய வழி: திட்டத்தின் முழு உறுப்பினரான ‘உருவாக்குநர்’ ஒருவரை நேரில் சந்தித்து, பாஸ்போர்ட்டையும் தம் மின்கையொப்பச் சாவியை அடையாளம் காட்டும் ‘கைரேகை’ எண் அச்சிட்ட தாளையும் காட்டி, அச்சாவிக்கு அவரது மின்கையொப்பம் பெற்று, பரிந்துரையும் கிடைத்துவிட்டால், அனுமதிக்கப்பட்ட பொதிகளைத் தாமே பதிவேற்றலாம்.

‘உருவாக்குநர்’ ஆவதற்கோ, டெபியனின் கொள்கை உறுதிமொழியான சமூக ஒப்பந்தம், மென்பொருள் உரிமங்கள், பொதியாக்கம் பற்றி விண்ணப்ப மேலாளர் கேட்பவற்றுக்கெல்லாம் விரிவாக விடையளிக்க வேண்டும். மாதக்கணக்கில் பொறுமை தேவை. ஆனால் எல்லாப் பொதிகளையும் பதிவேற்றும் உரிமையோடு, ஆண்டுதோறும் திட்டத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் கிடைக்கிறது. (மொழிபெயர்ப்பாளர்களும் பதிவேற்ற உரிமையில்லாத உருவாக்குநராகி வாக்களிக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.)

ஓரிரு பொதிகளே போதுமென்பவருக்கு முதல் வழி நிறைவானது; திட்டத்தின் முடிவுகளில் தமிழர் குரலும் ஒலிக்க வேண்டுமென்று விரும்புபவர் இரண்டாவதற்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.