செயல்திட்டமா, ஒப்பந்தமா?

கள்ளத் துப்பாக்கிப் புழக்கத்தைத் தடுக்க ஐ.நா.வில் பிறந்தவற்றில் முக்கியமானவை இரண்டு: ஒரு செயல்திட்டம், ஓர் ஒப்பந்தம். இவற்றில் எது அதிகம் உதவும்? 2001 செயல்திட்டத்தை நாடுகள் ஒருமனதாக ஏற்றன. ஆனால் அது சட்டப்படி யாரையும் கட்டாது. (ஒருமனதாக ஏற்றதே அதனால்தானோ?) 2014 டிசம்பர் 24 முதல் அமலில் உள்ள ஆயுத வர்த்தக ஒப்பந்தம் கட்டும், சேர்ந்த நாடுகளை மட்டும். ரஷ்யா, இந்தியா சேரவில்லை. சீனா 2020இல் சேர்ந்தது.

ஒப்பந்தம் ஏற்றுமதி வாசலில் நிற்கிறது. இனப்படுகொலைக்குப் பயன்படும் என்று தெரிந்தால் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் அனுப்பக் கூடாது.

ஏற்கெனவே கைமாறிக்கொண்டிருக்கும் துப்பாக்கிக்கு? அங்கே செயல்திட்டம்தான் கைகொடுக்கும். அதன் தொடர்ச்சியாக 2005இல் வந்த, துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று தடமறியும் ஏற்பாட்டின்படி, தயாரிக்கும்போதே துப்பாக்கியின் உடற்பகுதியில் எண் பொறிக்க வேண்டும். கடத்தல்காரர்கள் அரத்தால் ராவுவது அந்த எண்ணைத்தான். அவர்கள் அஞ்சுவது எதற்கென்று பார்த்தால், என் ஓட்டு செயல்திட்டத்துக்கே.